இறக்கி வைக்க ஒரு நேரம்

சனிக்கிழமை காலை ஏழே முக்காலுக்குப் பல் தேய்த்துக்கொண்டிருந்த லிஃப்ட் மெக்கானிக்கின் போனுக்கு அவருடைய வீட்டிலிருந்தே ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியது மனைவி இல்லை, மாமனார் இல்லை, மச்சினனும் இல்லை. நடையில் இருக்கும் அலமாரிக்குள் உட்கார்ந்திருந்த பெட்டி அனுப்பியது. கேஷ் டிரைவில் பழுதான பகுதிகள் கூடிக்கொண்டே போகின்றன, டிரைவ் எந்த நேரமும் நின்றுவிடலாம், உடனே கவனிக்கவும் என்று இருந்தது. மெக்கானிக் நுரையைத் துப்பிவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

அந்த டிரைவில் அவர் மனைவியின் ஏழு மாத உழைப்பு இருந்தது. அது வேறு எங்கேயும் இல்லை. ஏன் இல்லை என்பது அந்த வீட்டில் அவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும்.

பெட்டி என்றால் மலைக்க வேண்டியதில்லை. ஓர் அலுவலகத்தில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டரை மெக்கானிக் தூக்கிவந்து, நான்கு ஹார்ட் டிஸ்க்குகளைப் பொருத்தி, வீட்டுக்கே பொதுவான சேமிப்பிடமாக ஆக்கியிருந்தார். போட்டோ, படம், பாட்டு எல்லாம் அதில்தான். நான்கு டிஸ்க்கில் ஒன்று செத்தாலும் மற்ற மூன்றை வைத்து அதில் இருந்ததை மீட்டுவிடலாம். ஆனால் அவை மெதுவானவை. அதனால் முன்னால் ஒரு சின்ன, வேகமான டிரைவையும் வைத்திருந்தார். அதுதான் கேஷ் டிரைவ். யார் எதைக் கொண்டுவந்து போட்டாலும் முகம் சுளிக்காமல் முதலில் வாங்கிக்கொள்ளும். பிறகு குறித்த நேரத்தில், வாங்கியதையெல்லாம் பெரிய டிஸ்க்குகளில் இறக்கி வைத்துவிட்டுக் காலியாகிவிடும். இறக்கி வைக்காத வரைக்கும் அதில் இருப்பதற்குப் பாதுகாப்பு கிடையாது. டிரைவ் போனால் அதில் இருந்ததும் போச்சு. ஆகவே தினமும் ஒரு தடவையாவது இறக்கி வைத்துவிட வேண்டும். விதி இவ்வளவுதான்.

இந்த ஒரு வேலைக்கு அந்த வீட்டில் நேரம் கிடைக்கவில்லை என்றால் நம்புவீர்களா?

முதலில் இரவு மூன்று மணிக்கு வைத்திருந்தார். அலமாரிக்குப் பின்னால் இருப்பது மாமனாரின் தலைமாட்டுச் சுவர். நான்கு டிஸ்க்கும் சுழலத் தொடங்கினால், அதில் வயதான ஒன்று கரகரவென்று அரைக்கும். மாமனாருக்கு இருப்பதே அரைத் தூக்கம். கைத்தடியால் சுவரில் மூன்று தட்டு தட்டுவார். நிறுத்து என்று அர்த்தம். காலையில், "மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க, ராத்திரி பூரா மாவு மில்லுக்குள்ள படுத்திருந்த மாதிரி இருந்துச்சு" என்பார். சரி என்று காலை எட்டுக்கு மாற்றினார். கிடங்கில் இரவு வேலை முடிந்து வரும் மச்சினன் எட்டு மணிக்குத்தான் தலையைச் சாய்ப்பான். "நான் ஒண்ணும் சொல்லல அத்தான். மெஷின் சத்தத்துல இருந்து தப்பிச்சு வந்து மெஷின் சத்தத்துலயே படுக்கிறேன், அவ்வளவுதான்" என்றான். ஒன்றும் சொல்லாமல் இருப்பது அவனுக்கு இப்படித்தான். மதியத்துக்கு மாற்றினால் மனைவி ஒலிப்பதிவு செய்து பழகும் நேரம், பதிவில் இரைச்சல் ஏறியது. சாயங்காலத்துக்கு மாற்றினால், மாமனார் பெட்டியிலிருந்து பார்க்கும் பழைய படங்கள் திக்கித் திக்கி நின்றன. கதாநாயகி அழுவதற்கு வாயைத் திறந்தால், மூடுவதற்குள் இவருக்கு டீ ஆறிப்போகும்.

எல்லோரும் அவரவர் நேரத்தைத்தான் கேட்டார்கள், தப்பில்லை. எல்லோருடைய நேரத்தையும் கழித்தபின் மிச்சம் ஒன்றும் இல்லை, அதுதான் சங்கடம். மெக்கானிக் வாயில்லாப் பூச்சி. ஒரு நாள் அந்தத் தானியங்கி ஏற்பாட்டையே அணைத்துவிட்டார். எல்லோரும் வெளியே போகிற அன்றைக்குக் கையால் தட்டிவிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார். எல்லோரும் ஒன்றாக வெளியே போகிற நாள் வரவே இல்லை.

மறுநாள் மாமனார் நிம்மதியாகத் தூங்கி எழுந்து வந்தார். "மாப்பிள்ளை கெட்டிக்காரர்ப்பா. எப்படியோ சரி பண்ணிட்டாரு" என்றார். மச்சினன், "அத்தான் கை வச்சா அப்படித்தான்" என்றான். மனைவி முதல் பாடத்தைப் பதிவு செய்து கேட்டுப் பார்த்துவிட்டு, "இரைச்சலே இல்லைங்க" என்று அவர் கையைப் பிடித்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் மூன்று பேரும் ஒரே நாளில் அவரைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஏழு மாதம் ஓடிவிட்டது.

மனைவி செய்துகொண்டிருந்தது சாதாரண வேலை இல்லை. பார்வையற்றோருக்கான தொழிற்பள்ளி ஒன்றில் மசாஜ் பயிற்சி கொடுக்கிறார்கள். அதற்கான பாடப்புத்தகத்தை முழுக்க வாசித்துப் பதிவு செய்து தர ஒப்புக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு பாடம். பாதத்தில் தொடங்கி, கணுக்கால், முழங்கால் என்று உடம்பில் ஏறிக்கொண்டே போகும் புத்தகம். துணி அலமாரிக்குள் போர்வைகளைத் தொங்கவிட்டு, மைக்கை வைத்துக்கொண்டு, வியர்க்க வியர்க்க வாசித்தாள். இருபதாவது பாடத்திலேயே தொண்டை கட்டத் தொடங்கியது. போன வியாழக்கிழமை கடைசிப் பாடத்தை முடித்துவிட்டு டாக்டரிடம் போனாள். குரல்நாண் வீங்கிக் கிடக்கிறது, ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது, முனகக்கூடக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கழுத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பலகையைத் தொங்கவிட்டுக்கொண்டு எழுதிக் காட்டுகிறாள். முதலில் எழுதியது, "குரல் போனா போகட்டும், புத்தகம் முடிஞ்சுது." திங்கட்கிழமை பள்ளிக்கு ஒப்படைக்க வேண்டும். அடுத்த மாதம் பிள்ளைகளுக்குப் பரீட்சை. ஏற்கனவே இரண்டு தடவை தவணை வாங்கியாயிற்று.

அவளுடைய லேப்டாப்பில் இடம் கிடையாது. ஒவ்வொரு பாடம் முடிந்ததும் பெட்டியில் போட்டுவிட்டு, "இதை அழிச்சுடலாமாங்க?" என்று கேட்பாள். "பெட்டியில போட்டாச்சுல்ல, பத்திரமா இருக்கும். அழிச்சுடு" என்று முப்பத்தொரு தடவை சொன்னவர் மெக்கானிக்தான்.

அன்றைக்குக் காலை அவள் மறுபரிசோதனைக்கு டாக்டரிடம் போயிருந்தாள். மதியம் ஆகும் திரும்ப. அதற்குள் முடித்துவிட்டால் அவளுக்குத் தெரியாமலே போய்விடும் என்று அவர் கணக்குப் போட்டார். முகத்தைக்கூடத் துடைக்காமல் அலமாரி முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவளுடைய பாடங்களை மட்டும் முதலில் இறக்கி வைக்கும்படி உத்தரவு கொடுத்தார். நோயாளி டிரைவ், தட்டுத்தடுமாறித்தான் படித்தது. ஒரு பாடத்துக்கு ஆறேழு நிமிஷம் பிடித்தது. பாதம் இறங்கியது, கணுக்கால் இறங்கியது, கெண்டைக்கால் இறங்கியது. பழைய டிஸ்க் ஏழு மாதம் பேசாமல் இருந்ததற்கும் சேர்த்து அரைத்தது.

ஆறாவது பாடம் முடிந்து ஏழாவது தொடங்கியபோது, சுவரில் மூன்று தட்டு கேட்டது.

மெக்கானிக்கின் கை போய் நிறுத்தும் பொத்தானை அழுத்தியது. அவர் யோசிக்கவில்லை, முடிவு எடுக்கவில்லை, கை தானாகவே போயிற்று. சத்தம் அடங்கியபிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. சரி, மாமனாரிடம் ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று எழுந்தார்.

அந்த வீட்டில் அவர் எழுந்து நின்றாலே போதும். "வாங்க மாப்பிள்ளை. கண்ணாடிய எங்கயோ வச்சுட்டேன், கொஞ்சம் பாருங்க" என்றார் மாமனார். கட்டிலுக்கு அடியில் குனிந்து எடுத்துக் கொடுத்தார். கண்ணாடியைப் போட்டதும் மாத்திரை அட்டையில் ஒன்று குறைவதாகத் தெரிந்தது, அதை எண்ணிச் சரிபார்க்க வேண்டியிருந்தது. குளியலறைக் குழாய் இரவெல்லாம் சொட்டியதாம். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் இறுக்கினார். திரும்பும்போது மச்சினன் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. "அத்தான், அப்படியே அந்தத் திரையக் கொஞ்சம் இழுத்து விட்டுருங்க. வெளிச்சம் கண்ணக் குத்துது." திரையை இழுத்தால் கம்பி கழன்று கையோடு வந்தது. அதையும் மாட்டினார். விளக்கிச் சொல்ல வந்ததைத் தவிர எல்லா வேலையும் முடிந்தது. அலமாரிக்குத் திரும்பியபோது ஐம்பது நிமிஷம் போயிருந்தது.

மறுபடி தட்டிவிட்டார். டிரைவ் இன்னும் தளர்ந்திருந்தது. முழங்கால், தொடை, இடுப்பு. அரை மணிக்குள் மூன்று தட்டு கேட்டது. மெக்கானிக் இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டார். மறுபடி மூன்று தட்டு, இந்தத் தடவை பலமாக. பிறகு தடி தரையில் ஊன்றும் ஓசை நெருங்கி வந்தது.

"மாப்பிள்ளை, தட்டினது கேக்கலியா?"

"கேட்டுச்சு மாமா. நிறுத்த முடியாது."

மாமனார் காதைத் தீட்டிக்கொண்டு இன்னொரு தடவை கேட்பது போல நின்றார். இந்த மனிதர் வாயிலிருந்து முடியாது என்ற சொல்லை அவர் கேட்டதே இல்லை. சத்தத்துக்கு மச்சினனும் தலையணையோடு வெளியே வந்தான். மெக்கானிக் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், இருந்ததை இருந்தபடி சொன்னார். மாமனார் சுவரில் சாய்ந்துகொண்டார். மச்சினன் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாடம் இறங்கும்போதும் விரலை மடக்கினான்.

மதியம் பன்னிரண்டேகாலுக்கு இருபத்தொன்பதாவது பாடம் இறங்கியது. முப்பதாவது பாதியில் நின்றது. ஒரு நிமிஷம் கழித்து, பட்டியலில் கேஷ் டிரைவ் இருந்த வரியே காணாமல் போயிற்று. அணைத்துப் போட்டார், கழற்றித் துடைத்து மாட்டினார், வேறு கேபிள் போட்டுப் பார்த்தார். பெட்டிக்கு அப்படி ஒரு டிரைவ் இருந்ததே ஞாபகமில்லை. காலையில் தொலைத்த ஐம்பது நிமிஷத்தில் ஏழு பாடம் இறங்கியிருக்கும், அவருக்குத் தேவைப்பட்டது இரண்டு.

வாசல் கதவு திறந்தது. மனைவி பையோடு உள்ளே வந்து, அலமாரி முன்னால் மூன்று ஆண்பிள்ளைகள் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போல இருப்பதைப் பார்த்து நின்றாள்.

"உன் புத்தகத்துல ரெண்டு பாடம் போயிடுச்சு" என்றார் மெக்கானிக். பூசி மெழுகத் தெரியவில்லை. "முப்பது, முப்பத்தொண்ணு. தோள். அப்புறம் கழுத்தும் தலையும். மிச்சம் எல்லாம் இருக்கு. எல்லாம் என் தப்புதான். பத்திரமா இருக்குன்னு சொன்னேன்ல, பத்திரமா இல்ல. ஏழு மாசமா இல்ல."

அவள் பையை மெதுவாகக் கீழே வைத்தாள். பலகையில் எதையோ எழுதி, காட்டாமலே அழித்தாள். மறுபடி எழுதினாள். "ஏன் சொல்லல?"

"எல்லாரும் நல்லாத் தூங்கினீங்க. சத்தமே இல்லன்னு நீயும் சந்தோஷப்பட்ட. அந்தச் சத்தத்த மறுபடி வீட்டுக்குள்ள கொண்டுவர எனக்குத் தெம்பு இல்ல. ஒவ்வொருத்தர்கிட்டயா போய் ஒரு மணி நேரம் குடுங்கன்னு கேக்க…" கையிலிருந்த கேபிளைக் கீழே வைத்தார். "எனக்கு ரொம்ப அலுத்துப்போச்சு. அதான் விஷயம். வேற சாக்கு ஒண்ணும் இல்ல."

பலகையில் பெரிய எழுத்தாக, "என்கிட்டயாவது கேட்டிருக்கலாம்ல" என்று எழுதி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். கேட்டிருக்கலாம்தான். குரலை விலையாகக் கொடுத்து அவள் படித்ததை, சங்கடப்பட்டுக்கொண்டு இவர் தொலைத்துவிட்டார். அவள் கோபம் முழுக்க நியாயம்.

அவள் நேரே துணி அலமாரிக்குப் போய், விளக்கைப் போட்டு, புத்தகத்தில் முப்பதாவது பாடத்தைப் புரட்டி, மைக் முன்னால் உட்கார்ந்து தொண்டையைக் கனைத்தாள். கனைப்பே கிழிந்த துணி மாதிரி வந்தது. மெக்கானிக் ஓடிப்போய் மைக்கைக் கையால் மூடினார்.

"வேணாம். பேசாத. இப்பப் படிச்சா உனக்குத் தொண்டையே இல்லாமப் போயிடும். பள்ளிக்கூடத்துக்கு நான் போய்க் காலைப் பிடிக்கிறேன்."

அவள் அவர் கையை மைக்கிலிருந்து விலக்கினாள். பிறகு எழுந்து, புத்தகத்தை அவர் கையில் திணித்து, பலகையில் எழுதினாள். "நீங்க படிங்க. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்ககிட்ட போன்ல பேசுவீங்களே, அந்தக் குரல்ல."

அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். விடுமுறை நாளில்கூட யாராவது எங்காவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு போன் பண்ணுவார்கள். மெக்கானிக் ஒரு கையால் சட்டையை மாட்டிக்கொண்டே, "பயப்படாதீங்க, கிளம்பிட்டேன். கதவத் தள்ளாதீங்க. மூச்ச மெதுவா விடுங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்று பேசுவார். அழுதுகொண்டிருப்பவர்கள் அந்தப் பக்கம் அடங்கிப்போவார்கள். என்கிட்ட ஒரு நாளாவது இந்தக் குரல்ல பேசியிருக்கீங்களா என்று அவள் முன்பு கேலி செய்ததுண்டு.

மதியம் இரண்டு மணிக்கு மெக்கானிக் போர்வைகளுக்கு நடுவே உட்கார்ந்தார். முதல் பக்கத்திலேயே நான்கு இடத்தில் தடுக்கி விழுந்தார். தோள்பட்டை எலும்பைக் குறிக்கும் ஸ்கேப்புலா என்ற சொல் அவர் வாயில் ஸ்பேனராக மாறிக்கொண்டிருந்தது. இருபத்தொன்பது பாடத்தை அம்மா சொல்லிக்கொடுத்துவிட்டு, கடைசி இரண்டுக்கு அப்பா வந்து உட்கார்ந்தது போல இருக்கும், பிள்ளைகள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். மூன்றாம் பக்கத்தில் கூடத்து டி.வி. அலறத் தொடங்கியது. மனைவி எழுந்து போனாள். மாமனாரின் நாற்காலியில் சார்த்தியிருந்த கைத்தடியை எடுத்து, கூடத்துச் சுவரில் மூன்று தட்டு தட்டினாள். டி.வி. நின்றது. தடியைத் திருப்பிக் கொடுக்காமல், தன்னோடே கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டு துணி அலமாரி ஓரமாக அவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அதன்பிறகு இரண்டு மணி நேரம் அந்த வீட்டில் ஒரு பாத்திரம்கூட உருளவில்லை.

வாசிக்க வாசிக்கக் குரல் படிந்து வந்தது. ஒன்பதாம் பக்கம்.

"தோளுக்கும் கழுத்துக்கும் இடையே உள்ள இந்தத் தசை, நாள்தோறும் சுமப்பவர்களிடம் இறுகிக் கட்டையாகிவிட்டிருக்கும். நெடுநாளாக அப்படியே இருப்பதால் வலிக்கிறது என்று அவர்கள் சொல்லமாட்டார்கள். விரலால் அழுத்திப் பார்க்கும்போதுதான் அது அவர்களுக்கே…"

அங்கே அவர் நின்றார். எழுத்துக் கலங்கித் தெரிந்தது. மறுபடி வரியின் தொடக்கத்துக்குப் போனார், மறுபடி அதே இடத்தில் நின்றார். பின்னாலிருந்து மனைவியின் கட்டைவிரல் வந்து, கழுத்துக்கு இரண்டு விரற்கடை தள்ளி, புத்தகம் சொன்ன இடத்தில் அழுந்தியது. முப்பத்தொரு பாடத்தையும் படித்தவள், இடம் பிசகவில்லை.

"ஸ்ஸ்… அங்கதான்" என்றார் மெக்கானிக். "ஆமா, அங்கதான். ரொம்ப நாளா வலிக்குது."

மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் சுதாரித்து, அந்தத் துண்டை வெட்டிவிடக் கையை நீட்டினார். அவள் கையைத் தட்டிவிட்டாள். பலகையில் எழுதினாள். "இருக்கட்டும். சரியான இடத்துல அழுத்தினா எப்படிச் சத்தம் வரும்னு பிள்ளைங்களுக்குத் தெரிய வேணாமா." அவள் கோபம் முழுக்க இறங்கிவிடவில்லை, எழுத்து இன்னும் அழுத்தமாகத்தான் விழுந்தது. ஆனால் கட்டைவிரலை எடுக்கவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து படித்தார்.

இரண்டு பாடமும் முடியும்போது மணி ஐந்து. மனைவி எழுதிக் கேட்டாள், "இத எங்க வைக்கப்போறீங்க?" ஒரு பிரதி லேப்டாப்பிலேயே இருக்கட்டும் என்றார். இன்னொன்றை, இடையில் எந்த டிரைவும் இல்லாமல், நேராகப் பெரிய டிஸ்க்குகளில் ஏற்றத் தொடங்கினார். அதோடு, இறங்கிய மற்ற பாடங்களும் பழுதில்லாமல் வந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும்படி பெட்டிக்கு உத்தரவு போட்டார். இரண்டு மணி நேர வேலை. பழைய டிஸ்க் தன் அரைப்பை ஆரம்பித்தது. மாமனார் படம் பார்க்கும் நேரம் அது. மச்சினன் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு மணி நேரம் கண்ணயரும் நேரமும் அதுதான்.

மெக்கானிக் முக்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு ஒன்றும் வரவில்லை. தடி மகளிடம் இருக்கிறது, அதனால்தான் என்று நினைத்தார். அப்புறம் மாமனார் வெறுங்கையோடு நடைக்கு வந்தார். "மாப்பிள்ளை, அது ஓடட்டும். படம் எங்க போயிடப் போகுது" என்றார். சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து மனைவி டீ கொண்டுவந்தாள். அந்த வீட்டில் யாரையும் தூங்கவிடாத சத்தத்துக்கு நடுவே, அலமாரிக் கதவில் தோளைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, மெக்கானிக் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் டீயைத் தரையில் வைத்துவிட்டு, பலகையில் எழுதி, நடை முகப்பில் ஆணியில் மாட்டினாள். "யாரும் கூப்பிடக் கூடாது."